ஒரு கை வெடிமருந்து

“புத்தகம் முடிந்து மூன்று மாதமாயிற்று. இன்னும் எதற்கு என்னை நடுச்சந்தையில் ‘மாணாக்கரே’ என்று கூப்பிடுகிறாய்?”

கேட்டவர் துபாஷி தாண்டவராயர். வயது நாற்பத்து மூன்று. தலையில் சரிகைத் தலைப்பாகை, இடுப்பில் வெள்ளி மைக்கூடு. நாலு மொழி பேசுவார். நாலிலும் தன்னைப் பற்றி.

எதிரே உப்பு மூட்டைமேல் சம்மணமிட்டிருந்தவள் ஞானப்பூ. வயது பத்தொன்பது. கோட்டை வாசலில் உப்பு விற்பவள்.

அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

“புத்தகம் முடிந்து மூன்று மாதமாயிற்று,” என்றாள்.

தாண்டவராயரின் குரல். அதே மூக்கடைப்பு, அதே இழுப்பு, முடிவில் அதே பெருமூச்சு. பக்கத்தில் மீன் பேரம் பேசிக்கொண்டிருந்த அவருடைய மைத்துனரே திரும்பி, “என்ன அத்தான், கூப்பிட்டீங்களா?” என்றார்.

“நான் இல்லையப்பா!” என்று தாண்டவராயர் எரிந்து விழுந்தார். “இந்தக் குரல் விளையாட்டு உன்னை ஒருநாள் தூக்குமேடையில் கொண்டுபோய் நிறுத்தும், பார்.”

ஞானப்பூ முதுகை நிமிர்த்தினாள். தாடையை முன்னே தள்ளினாள்.

“அட்டென்ஷன்!” என்றாள்.

அது மேஜர் துரையின் குரல். வாசலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த இரண்டு சிப்பாய்கள் வெற்றிலையை அப்படியே விழுங்கிவிட்டு விறைத்து நின்றார்கள்.

தாண்டவராயர் தலையில் கைவைத்துக்கொண்டார்.



இவளிடம் அவர் மாட்டிக்கொண்ட கதை இது.

போன வருஷம் அந்தக் கடற்கரைக் கோட்டை கைமாறியது. பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள், இங்கிலீஷ்காரர்கள் வந்தார்கள். போனவர்கள் பதினொரு பீரங்கிகளை விட்டுவிட்டுப் போனார்கள். கூடவே தடிமனாக ஒரு பீரங்கிப் புத்தகம்.

மேஜர் துரை புத்தகத்தைத் தூக்கித் தாண்டவராயர் மடியில் போட்டார்.

“இங்கிலீஷில் வேண்டும். நாற்பது நாள்.”

“ஆகட்டும் துரையே,” என்றார் தாண்டவராயர். அவருக்குப் பிரெஞ்சு தெரியும். மிளகு பிரெஞ்சு தெரியும், துணி பிரெஞ்சு தெரியும், விருந்தில் கவர்னர் மனைவியைப் புகழ்கிற பிரெஞ்சு ரொம்பவே தெரியும்.

முதல் பக்கத்தைத் திறந்தார். ‘எக்குவியோன்’ என்றிருந்தது.

நாலு நாள் அந்த ஒரு சொல்லோடு உட்கார்ந்திருந்தார். கெட்ட வார்த்தையோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது.

ஐந்தாம் நாள் யாரோ சொன்னார்கள்: “உப்புக்காரியைக் கேளுங்க. அவ அப்பன் பிரெஞ்சு வெடிமருந்துக் கிடங்கில் இருபது வருஷம் தராசு பிடிச்சவன். அவ பீரங்கி வண்டி நிழல்ல வளர்ந்தவ.”

ஞானப்பூவுக்கு எந்த மொழியிலும் ஓரெழுத்துகூட வாசிக்கத் தெரியாது. ஆனால் பீரங்கியின் ஒவ்வோர் உறுப்புக்கும் பிரெஞ்சில் பேர் தெரியும். இங்கிலீஷ் சிப்பாய்கள் உப்பு வாங்க வருவார்கள், வந்த இடத்தில் வேலையைத் திட்டிக்கொண்டே நிற்பார்கள். அதில் இங்கிலீஷ் பேரும் வந்து சேர்ந்துவிட்டது.

“கூலி என்ன வேண்டும்?” என்று கேட்டார்.

“ஒண்ணும் வேணாம். சந்தையில நான் ‘மாணாக்கரே’ன்னு கூப்பிட்டா நீர் திரும்பிப் பாக்கணும். அவ்வளவுதான்.”

“எத்தனை நாளைக்கு?”

“நீர் மாணாக்கரா இருக்கிற வரைக்கும்.”

நாற்பது நாளில் முப்பத்தைந்துதான் மிச்சம். ஒத்துக்கொண்டார்.

“இன்னொண்ணு,” என்றாள். “கை வைக்காத சொல்லை எழுதக்கூடாது.”

“அப்படியென்றால்?”

“வாரும்.”

ஏழாம் பீரங்கியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். ஆளுயரக் கழி ஒன்றைக் கையில் கொடுத்தாள். அதன் முனையில் ஆட்டுத்தோல் சுற்றியிருந்தது.

“இதுதான் எக்குவியோன். உள்ள விட்டுத் துடையும்.”

“துடைக்கும் கழி. புரிந்துவிட்டது. எழுதிக்கொள்கிறேன்.”

“துடையும்.”

துடைத்தார். தோள்வரை கரி. சரிகைத் தலைப்பாகை குழலுக்குள் போய்விட்டது. எடுத்துப் பார்த்தால் எது ஆட்டுத்தோல், எது தலைப்பாகை என்று தெரியவில்லை.

“இதை ஏன் நனைச்சு விடணும்?” என்று கேட்டாள்.

“எனக்கென்ன தெரியும்?”

“உள்ள ஒரு பொறி மிச்சம் இருந்தா, அடுத்த மருந்தைப் போடுறவன் கை போயிடும். உம்ம எழுத்துல அந்த ஈரம் இருக்கணும். இல்லேன்னா ஒருத்தனுக்குக் கை இருக்காது.”

அன்றைக்கு அவர் ஒரே ஒரு சொல் எழுதினார்.

அப்படியே முன்னூற்றுப் பன்னிரண்டு சொற்கள். இடிகோல், குழலை உயர்த்தும் ஆப்பு, தீ வைக்கும் காதுத்துளை, அச்சாணி. ஒவ்வொன்றையும் தூக்கினார், தள்ளினார், விரலை நசுக்கிக்கொண்டார், பிறகே எழுதினார். வீட்டில் மனைவி, “எழுத்து வேலைன்னு சொல்லிட்டு எங்கே போய்க் கல்லுடைக்கிறீங்க?” என்று கேட்டாள்.

முப்பத்தொன்பதாம் நாள் ஞானப்பூ கேட்டாள்.

“கடைசிப் பத்துப் பக்கம்?”

“அது வெறும் அட்டவணை. எந்தத் தூரத்துக்கு எவ்வளவு மருந்து, அவ்வளவுதான். நானே வீட்டில் உட்கார்ந்து ஒரே மூச்சில் முடித்துவிட்டேன்.”

“கை வைச்சீரா?”

“எதன்மேல் கை வைப்பது? நாலு என்பது எந்த ஊரிலும் நாலுதானே!”

ஞானப்பூ அவருடைய கைகளைப் பார்த்தாள்.

“சரி, மாணாக்கரே,” என்றாள்.

அதற்கப்புறம் மூன்று மாதமாக அப்படியேதான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். மீன் கடையில், கோயில் வாசலில், ஒருமுறை அவருடைய சம்பந்தி வீட்டார் எதிரில்.



ஆனால் இன்றைக்கு அவர் சண்டை போட மட்டும் வரவில்லை. அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

“வேடியப்பனுக்கு நாளைக் காலை தூக்கு,” என்றார்.

ஞானப்பூவின் கையிலிருந்த உப்பு மரக்கால் நின்றது.

வேடியப்பன் ஏழாம் பீரங்கிக்காரன். பிரெஞ்சுக்காரர்களிடம் பதினேழு வருஷம் அதே பீரங்கியில் இருந்தவன். போன செவ்வாய்க்கிழமை ஒரு பிரெஞ்சுக் கப்பல் கழிமுகத்துச் சிவப்பு மிதவைவரை வந்தது. வேடியப்பன் மூன்று குண்டு போட்டான். மூன்றும் மிதவைக்கு இந்தப் பக்கமே விழுந்தன. கப்பல் நிதானமாக ஓர் அரிசித் தோணியைக் கட்டி இழுத்துக்கொண்டு போயிற்று.

“பழைய எஜமானுக்கு விசுவாசம் காட்டி வேண்டுமென்றே மருந்தைக் குறைத்தான் என்கிறார் மேஜர். விசாரணையில் நான்தான் மொழிபெயர்த்தேன்.”

“அவன் என்ன சொன்னான்?”

“‘புத்தகத்துல இருந்ததைத்தான் போட்டேன் சாமி. மிதவைக்கு நாலு பவுண்டு, ஆப்பு மூணாவது வெட்டு. மருந்துப் பை தைச்சுத்தான் வருது, நான் எங்கே குறைக்கிறது?’ என்றான். ‘பிரெஞ்சுக்காரர் காலத்தில்?’ என்று கேட்டார்கள். ‘அப்பவும் நாலுதான் சாமி. அப்பப் போய்ச் சேந்துச்சு’ என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.”

“நீரும் சிரிச்சீரா?”

தாண்டவராயர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

“எனக்கு ஒன்றே ஒன்று சொல்,” என்றார். “இரண்டு நாளாகத் தூக்கமில்லை. புத்தகத்தில் தப்பில்லையே? பிரெஞ்சில் நாலு லிவ்ரு. நான் எழுதியது நாலு பவுண்டு. லிவ்ரு என்றால் பவுண்டு. சரிதானே?”

ஞானப்பூ தராசைத் துடைத்தாள். நாக்கைச் சப்புக்கொட்டினாள். திடீரென்று அவள் கண்கள் சுருங்கின, கழுத்து உள்ளே போயிற்று, குரல் பருத்தது.

“துபாஷி ஐயா, சீக்கிரம் சொல்லுங்க, கப்பல் காத்துக் கெடக்கு! மிளகு நானூறு லிவ்ரு. இங்கிலீஷ் துரைக்கு நானூறு பவுண்டுன்னு எழுதிப்புடவா?”

மிளகு வியாபாரி சுல்தான் மரைக்காயரின் குரல். அச்சு அசல்.

“எழுதுவீர், எழுதுவீர்!” என்று தாண்டவராயர் பாய்ந்தார். “என்னை நேற்றுப் பிறந்தவன் என்றா நினைத்தீர்? லிவ்ரு பெரிசு, பவுண்டு சின்னது. நூற்றுக்கு எட்டு உதைக்கும். ஒரு மணி மிளகு விடமாட்டேன், மரைக்காயரே! எடைக்கல்லை எடுத்து வையும், என் கையால் தூக்கிப் பார்த்த பிறகுதான்…”

நின்றார்.

சந்தையில் ஓர் ஆட்டுக்குட்டி கத்தியது.

அவர் மெல்ல உப்பு மூட்டை எதிரில், தரையில் உட்கார்ந்தார். தலைப்பாகை ஒரு பக்கம் சாய்ந்தது. நேராக்கவில்லை.

ஞானப்பூ மூட்டைக்கு அடியிலிருந்து இரண்டு கற்களை எடுத்தாள். ஒன்று அப்பன் விட்டுப் போனது, பிரெஞ்சு எடை. இன்னொன்று இங்கிலீஷ் எடை. பிரெஞ்சுக் கல்லுக்கு நாலு நிறை உப்பை ஒரு சாக்கில் கொட்டினாள். அதே உப்பை இங்கிலீஷ் கல்லுக்கு நாலு நிறை அள்ளினாள். சாக்கில் கொஞ்சம் மிஞ்சியது.

மிஞ்சியதை வாரி அவர் உள்ளங்கையில் வைத்தாள். கை நிறைந்தது. விரல்களை மடக்கி மூடினாள்.

“இதுக்குப் பிரெஞ்சுல என்ன பேரு?”

“பேர் இல்லை.”

“இங்கிலீஷ்ல?”

“இல்லை.”

“பேரோட வாரும்,” என்றாள், மரைக்காயர் குரலும் இல்லாமல் மேஜர் குரலும் இல்லாமல்.



மூடிய கையோடு மேஜரிடம் போனார்.

“துரையே, புத்தகத்தில் தப்பு. கடைசிப் பத்துப் பக்கம் முழுக்க. பிரெஞ்சு எடை வேறு, நம் எடை வேறு. மருந்து குறைந்தது என் எழுத்தால். அந்த ஆள் நிரபராதி.”

மேஜர் பேனாவைத் துடைத்து வைத்தார்.

“புத்தகத்தின் முதல் பக்கத்தில் யார் பேர் இருக்கிறது?”

“தங்கள் பேர், துரையே.”

“அது எங்கே போயிருக்கிறது?”

“மேலிடத்துக்கு.”

“மேலிடம் என்ன எழுதியிருக்கிறது?”

“மிகச் சிறந்த நூல் என்று.”

“அப்படியானால் அதில் தப்பில்லை.”

“ஒரே ஒரு குண்டு சுட்டுப் பார்த்தால்…”

“மூன்று மாதமாக மருந்தை வீணாக்காமல் வைத்திருக்கிறேன். இப்போது ஒரு பீரங்கிக்காரனுக்காக வீணாக்கவா?” மேஜர் எழுந்து ஜன்னலருகே போனார். “என்னிடம் பீரங்கிக்காரர்கள் இருபத்துநாலு பேர். புத்தகம் ஒன்று. உனக்காக ஒன்று செய்கிறேன். நாளைக் காலை அந்தக் கயிறு காலியாக இருக்காது. மருந்தைக் குறைத்தவன் அவன் என்றால் அவன் கழுத்து. நீ என்றால் உன் கழுத்து. எதை எழுதிக்கொள்ளட்டும்?”

தாண்டவராயர் வாயைத் திறந்தார். நாலு மொழியிலும் ஒன்றும் வரவில்லை.

“நல்லது,” என்றார் மேஜர்.



வெளியே வரும் வழியில் சிறை. கம்பிக்குப் பின்னால் வேடியப்பன் கஞ்சிக் கலயத்தோடு உட்கார்ந்திருந்தான்.

“சாமி! தொரை என்ன சொல்றாரு?”

“ஒன்றும் சொல்லவில்லை.”

“அவ்வளவு நேரமா ஒண்ணுமே சொல்லலையா?” வேடியப்பன் சிரித்தான். “கையில என்ன சாமி, அப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க?”

“உப்பு.”

“உப்பா! கொஞ்சம் குடுங்க சாமி. கஞ்சி சப்புன்னு இருக்கு, தொண்டையில இறங்க மாட்டேங்குது.”

தாண்டவராயர் கையைத் திறந்து கம்பி வழியே நீட்டினார். வேடியப்பன் இரண்டு விரலால் கிள்ளி எடுத்தான். கஞ்சியில் போட்டான், விரலை நக்கினான்.

“ஞானப்பூ கடை உப்புதானே?”

“எப்படித் தெரியும்?”

“நாக்குக்குத் தெரியாதா!” கலயத்தைத் தூக்கிக் குடித்தான். வாயைத் துடைத்தான். “சாமி, ஒண்ணு கேக்கறேன், கோவிக்காதீங்க. நாளைக்குத் தீர்ப்பை நீங்கதான் படிப்பீங்களா? சத்தமாப் படிங்க. என் பொண்டாட்டி பின்னாடிதான் நிப்பா, அவளுக்குக் காது மந்தம். எதுக்குத் தூக்குறாங்கன்னு அவளுக்குப் புரியணும். மருந்தைத் திருடினேன்னு யாராச்சும் அவகிட்டச் சொல்லிடப் போறாங்க.”

தாண்டவராயர் கையை மூடிக்கொண்டார்.

கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு நின்றார். பிறகு சந்தைப் பக்கமாக வேகமாக நடந்தார்.



அந்தக் கோட்டையில் ஒரு வழக்கம் உண்டு. தண்டனையைக் குற்றவாளியின் மொழியில், சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளன், ஊர் கேட்க வாசிக்க வேண்டும். வாசிக்காத தண்டனை செல்லாது.

காலையில் முற்றம் நிறைந்திருந்தது. நடுவில் மரம், மரத்தில் கயிறு. வேடியப்பன் கைகள் கட்டப்பட்டு நின்றான். பின்வரிசையில் ஒரு பெண் காதுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

மேஜர் இங்கிலீஷில் படித்தார். காகிதத்தைத் தாண்டவராயரிடம் நீட்டினார்.

தாண்டவராயர் ஒரு கையால் வாங்கினார். மற்றக் கை இன்னும் மூடியே இருந்தது. பார்த்தார்.

“என்னால் மொழிபெயர்க்க முடியாது, துரையே.”

“என்ன?”

“இதில் ‘கயிறு’ என்று ஒரு சொல் இருக்கிறது. நான் இன்னும் அதில் கை வைக்கவில்லை.”

“உனக்குப் பைத்தியமா?”

“தாங்கள் பேர் போட்ட புத்தகம் இப்படித்தான் உருவானது. முன்னூற்றுப் பன்னிரண்டு சொல். கை வைக்காமல் ஒன்றும் எழுதவில்லை. அதுதான் மிகச் சிறந்த நூலாயிற்றே?”

சொல்லிவிட்டு மரத்தடிக்கு நடந்தார். யாரும் தடுக்கவில்லை. துபாஷி மரத்தடிக்குப் போனால் தடுக்க வேண்டும் என்று யாருக்கும் உத்தரவில்லை.

கயிற்றைத் தொட்டார். முடிச்சைத் தடவினார். தலைப்பாகையைக் கழற்றிக் கீழே வைத்தார். கயிற்றைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.



“கனமாக இருக்கிறது, துரையே,” என்றார். “எழுத்தில் இவ்வளவு கனம் தெரியவில்லை. இப்போது மொழிபெயர்க்கிறேன்.”

காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார். சந்தையே திரும்பிப் பார்க்கிற குரலில், பின்வரிசையைப் பார்த்துக்கொண்டு வாசித்தார்.

“போன செவ்வாய்க்கிழமை ஏழாம் பீரங்கிக்கு மருந்தைக் குறைத்துக் கப்பலைத் தப்பவிட்ட குற்றத்துக்காக, இன்று தூக்கிலிடப்பட வேண்டியவன்… துபாஷி தாண்டவராயன்!”

பின்வரிசைப் பெண் பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது.

மேஜருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பேர் தெரியுமே.

“நான் எழுதியது அந்தப் பேரில்லை!”

“தாங்கள் எழுதியது ‘மருந்தைக் குறைத்தவன்’ என்று. அதற்குச் சரியான தமிழ் இதுதான்.”

“யார் சொன்னது?”

தாண்டவராயர் கையைத் திறந்தார். வியர்வையில் ஊறிய உப்பு உள்ளங்கையில் ஒட்டிக்கிடந்தது.

“குறைந்தது இவ்வளவு. பையொன்றுக்கு ஒரு கை. இதற்குப் பிரெஞ்சில் பேர் இல்லை. இங்கிலீஷிலும் இல்லை. இந்தக் கோட்டையில் மட்டும் இதற்கு ஒரு பேர் உண்டு, துரையே. வேடியப்பன்.”

வேடியப்பன் தன் பேரைக் கேட்டு, “சாமி?” என்றான்.

மேஜரின் கை தொங்கவிடுகிறவனைப் பார்த்து மெல்ல உயர்ந்தது. யாரைத் தொங்கவிடச் சொல்லப் போகிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அப்போது மேலே, கடல் பக்கத்துக் கொத்தளத்திலிருந்து, மேஜரின் குரல் கேட்டது.

“ஏழாம் பீரங்கி!”

மேஜரின் வாய் மூடியே இருந்தது.

“ஏழாம் பீரங்கி! புத்தகப்படி நாலு பவுண்டு! ஆப்பு மூன்றாம் வெட்டு! குறி, சிவப்பு மிதவை!”

மேலே வேடியப்பனின் கூட்டாளிகள் ஆறு பேர் இருந்தார்கள். உத்தரவு எந்த வாயிலிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்ப்பது சிப்பாயின் வேலையில்லை. அன்றைக்கு அந்த ஆறு பேரும் ரொம்ப ஒழுங்கான சிப்பாய்கள்.

“நிறுத்து!” என்று கீழேயிருந்து மேஜர் கத்தினார். “நிறுத்துங்கள்! அது நானில்லை!”

“கீழே எவனோ என் குரலில் கத்துகிறான்!” என்றது மேலேயிருந்த மேஜரின் குரல். “காதில் வாங்காதே! சுடு!”

கோட்டை குலுங்கியது. ஊர் முழுக்கத் தாழ்வான கடல் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தது. குண்டு மிதவைக்கு இந்தப் பக்கம், செவ்வாய்க்கிழமை விழுந்த அதே இடத்தில் விழுந்தது.

“எக்குவியோன்!” என்றது குரல், கொஞ்சம் மறந்துபோய். “நனைச்சுத் துடை! மறுபடி! அதே நாலு! அதே வெட்டு! மேலே ஒரு கை!”

“நிறுத்து என்கிறேன்! நான் மேஜர்!”

“நானும்தான்! சுடு!”

இரண்டாவது குண்டு போயிற்று.

புகை விலகியது. கழிமுகத்தில் சிவப்பு மிதவை இருந்த இடத்தில் நாலு பலகைத் துண்டுகள் ஆடிக்கொண்டிருந்தன.

 வேடியப்பன் கட்டிய கைகளோடு நுனிக்காலில் எழும்பிக் கடலைப் பார்த்து, “அப்படிப் போடு!” என்றான்.

மேஜர் கொத்தளத்தை அண்ணாந்து பார்த்தார். ஆறு சிப்பாய்கள் வெறும் காற்றுக்குச் சலாம் வைத்துக்கொண்டு நின்றார்கள். பீரங்கி வண்டிக்குப் பக்கத்தில் ஓர் உப்புக் கூடை இருந்தது.

“யார்?” என்றார் மேஜர். “அந்த உத்தரவைக் கொடுத்தது யார்?”

“தங்கள் குரல்தான், துரையே,” என்றார் தாண்டவராயர், கயிற்றுக்குள்ளிருந்து. “ஊரே கேட்டது. சோதித்துப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடித்தது மேஜர் துரை என்று எழுதட்டுமா? மேஜரை மீறிக் கோட்டையை நடத்தியது ஓர் உப்புக்காரி என்று எழுதட்டுமா? எதை எழுதிக்கொள்ளட்டும்?”

மேஜர் பலகைத் துண்டுகளைப் பார்த்தார்.

“நான்தான் கொடுத்தேன்,” என்றார்.

“தமிழில் சொல்லட்டுமா?”

“சொல்.”

“சத்தமாகவா?”

மேஜர் பல்லைக் கடித்தார். “சத்தமாக. அவனையும் அவிழ்த்து விடு.”

தாண்டவராயர் பின்வரிசையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். காதிலிருந்து கையை எடுத்த அந்தப் பெண், அந்தக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. மேஜருடையதும் இல்லை, மரைக்காயருடையதும் இல்லை.

“மாணாக்கரே!”

ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தாண்டவராயர் திரும்பினார்.

“கடைசிப் பத்துப் பக்கம்?”

“தராசை எடுத்து வை,” என்றார், கயிற்றைக் கழற்றிக்கொண்டே. “வருகிறேன்.”